பியானோ டெக்னிக் புத்தகங்கள்: எதை வைத்துக்கொள்ள, எதைக் கழிக்க?

பாளை_கட்டைவிரல்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். அலமாரியில் எனக்கு ஒரே ஒரு தட்டுதான் என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். பியானோ டெக்னிக் புத்தகங்கள் மட்டும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. பாதியைக் கழிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இழை.

என்னைப் பற்றி: வயது 44. சமாதானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கோவிலில் 20 வருடமாக ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறேன். ஆர்மோனியத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய கை. கீர்த்தனைக்கு யார் எந்தச் சுதியில் எடுத்தாலும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு சி மேஜரிலேயே ஓட்டிவிடுகிற ஆள். 38 வயதில்தான் வெயிட்டட் கீ (நிஜப் பியானோ மாதிரி கனமான கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோ வாங்கி, நோட்டேஷன் படித்து முறையாக ஆரம்பித்தேன். ஆசிரியர் கிடையாது. அந்தக் குறையைப் புத்தகம் வாங்கித் தீர்த்துக்கொண்டேன் போல.

பெட்டியில் இருப்பவை: ஹனான், செர்னி 599, செர்னி 299, பிராம்ஸின் 51 பயிற்சிகள், கோர்த்தோ, லெவின், நியூஹாஸ், மாத்தேயின் ஜெராக்ஸ் பிரதி, அப்புறம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாங் எழுதிய புத்தகத்தை ஸ்பைரல் பைண்டிங் போட்டது.

இதில் 60 விரல் பயிற்சிகள் கொண்ட ஹனான்தான் என் கேள்வியே. முதல் 20 பயிற்சிகளை 14 மாதம் தினமும் விடியற்காலையில் 40 நிமிடம் வாசித்தேன். மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் ஆரம்பித்து 108க்குக் கொண்டுபோனேன். அதற்குப் பலன், ஹனான் நன்றாக வாசிக்க வந்துவிட்டது. பர்க்முல்லரின் ஓபஸ் 100 பாடத் தொகுப்பில் இரண்டாவது பாடம் அராபெஸ்க் இருக்கிறதே, அதன் நடுவில் ஓட்டம் இடக்கைக்கு மாறும் இடத்தில் மட்டும் 14 மாதத்துக்கு முன் எப்படித் தடுக்கி விழுந்தேனோ அப்படியே இப்போதும் விழுகிறேன். போதாக்குறைக்கு, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி முன்னங்கையில் ஒரு இறுக்கம்.

ஒரு டெக்னிக் புத்தகம் உதவுகிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? குற்றம் புத்தகத்துடையதா, என்னுடையதா?

ஊசிக்கோபுரம்77

உம்முடையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

1873ல் வந்த புத்தகம் அது. 150 வருடம் தாண்டியும் உலகம் முழுக்க விற்கிறது. ஒன்றுமில்லாமலா விற்கும்? நீர் வாசித்தது 60ல் 20. 32லிருந்து கட்டைவிரலை அடியில் நுழைக்கும் பயிற்சி வருகிறது. 39ல் எல்லா ஸ்கேலும் இருக்கிறது. 46 ட்ரில், 51 ஆக்டேவ், 60 ட்ரெமொலோ. வாசற்படியிலேயே 14 மாதம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்று சொன்னால் எப்படி? நான் பியானோ தேர்வில் எட்டாவது கிரேடு முடித்ததே ஹனானால்தான்.

நாசரேத்_டீச்சர்

தம்பி பாளை, முதலில் ஒரு கேள்வி. இடக்கையை மட்டும் தனியாக வாசித்தால் அந்த இடம் வருகிறதா? பதில் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தைப் பார்ப்போம்.

பொதுவாக ஒன்று. உங்கள் பெட்டியில் இரண்டு சாதிப் புத்தகங்கள் கலந்து கிடக்கின்றன. ஹனான், செர்னி, பிராம்ஸ் எல்லாம் நோட்டுகளைக் கொடுப்பவை. நோட்டு இருக்கும், விளக்கம் இராது, இருந்தாலும் நாலு வரி. லெவின், நியூஹாஸ், மாத்தே, சாங் எல்லாம் வார்த்தைகளைக் கொடுப்பவை. கோர்த்தோ இரண்டுக்கும் நடுவில். ஒரே தராசில் இவற்றை நிறுக்க முடியாது. நோட்டுப் புத்தகத்தின் பயன் பாதி அதை வாசிப்பவரின் காதில்தான் இருக்கிறது.

35 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண் ஹனானை அப்படிக் கடகடவென்று வாசிப்பாள். ஒரு நாள் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால், ஸ்டாண்டில் ஹனான் இல்லை. வார இதழ்! தொடர்கதை படித்துக்கொண்டே இரண்டு கையும் தன்பாட்டுக்கு மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். கதை படித்துக்கொண்டே செய்ய முடிகிற பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதே பெண்ணிடம் அதே ஒன்றாம் பயிற்சியை இடக்கை மெல்ல, வலக்கை அழுத்தி என்று கேட்டேன். இரண்டு மெஷர் (தாளக் கட்டம்) தாண்டவில்லை. இதழைத் தானே மூடி வைத்துவிட்டாள்.

செர்னி விஷயத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பீத்தோவனிடம் படித்தவர், லிஸ்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர், அதெல்லாம் சரி. ஆனால் அவர் காலத்து வியன்னா பியானோவின் கட்டை நம்முடையதைவிட லேசு, இறங்கும் ஆழமும் குறைவு. விரல் மட்டுமே போதும் என்ற பேச்சு அந்தக் கட்டைக்குப் பொருந்தியது.

சுருதிச்சாவி

டீச்சர் சொன்னதில் எனக்கு வேலை இருக்கிறது. நான் தூத்துக்குடியில் பியானோ ட்யூன் செய்கிறவன். கடல் காற்றில் கம்பி துருப்பிடிப்பதால் பிழைப்பு ஓடுகிறது.

டெக்னிக் புத்தகம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கட்டைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டால் சில புத்தகங்களை நீங்களே மூடிவிடுவீர்கள்.

இப்போதே போய் ஏதாவது ஒரு அக்கூஸ்டிக் (நிஜக் கம்பி உள்ள) பியானோவில், நடுவில் உள்ள ஒரு வெள்ளைக் கட்டையைச் சத்தமே வராத அளவுக்குப் பைய இறக்குங்கள். கிட்டத்தட்ட அடியைத் தொடும் முன் விரலில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். உரித்த பட்டாணி விரலடியில் உருண்ட மாதிரி. அந்த இடத்தில் சுத்தியலை இயந்திரம் கழற்றி விட்டுவிடுகிறது. அதற்கப்புறம் சுத்தியல் தனியாகப் பறந்து கம்பியை அடிக்கிறது. கட்டைக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோச்சு. நீங்கள் ஏறி நின்று மிதித்தாலும் அந்த ஒலி மாறாது. ஆக, அடித்த பிறகும் கட்டையை ஆழமாக அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லும் அறிவுரை எந்தப் புத்தகத்தில் இருந்தாலும், அது ஒலிக்கு உதவாது. கை வலிக்கு உதவும்.

இன்னொரு சோதனை. கட்டையின் முனையில் ஒரு சின்ன ரப்பர் துண்டை வைத்து அதன்மேல் பத்து ரூபாய் நாணயங்களை அடுக்குங்கள். ரப்பர் எதற்கென்றால், நாணயம் கட்டையைவிட அகலம், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டைகளில் உட்கார்ந்துகொள்ளும். வலது பெடலை மிதித்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு நாணயம் 7.7 கிராம் சுமார். ஆறேழு நாணயத்தில் கட்டை தானே மெல்ல இறங்கும். சுமார் 50 கிராம், அவ்வளவுதான். இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். இதற்கு 14 மாதம் விரலுக்கு கர்லாக்கட்டை சுற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். (கடைக்காரர் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்றால் இப்படியாவது பயன்படட்டும்.)

கிரேடு5_தம்பி

சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கேடிசி நகர். ட்ரினிட்டி இசைத் தேர்வில் அஞ்சாவது கிரேடுக்குத் தயாராகிறேன். வீட்டில் 61 கட்டை கீபோர்டுதான், வெயிட்டட் இல்லை. தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஹனான் வாசிக்கவா, சிலபஸில் இருக்கும் ஸ்கேல் வாசிக்கவா? எங்கள் சார் ரெண்டும் வாசி என்கிறார்.

நாசரேத்_டீச்சர்

ஒரு மணி நேரத்தில் ரெண்டும் வாசித்தால் பாட்டு எப்போது வாசிப்பாய், மக்கா? சிலபஸில் கேட்டிருக்கும் ஸ்கேலும் ஆர்பெஜியோவும் 15 நிமிடம். மீதி பாட்டு. வாரத்துக்கு ஒரு நாளாவது உங்கள் சாரின் பியானோவில் உட்கார அனுமதி கேள். லேசான கட்டையிலேயே பழகினால் தேர்வு அறையில் கட்டை கனக்கும்.

ஜண்டைவரிசை

நான் அம்பாசமுத்திரம், வயலின் ஆசாமி. பியானோ தெரியாது. ஆனால் ஹனானை எங்கள் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையோடு ஒப்பிட்டு ஒருவர் எழுதியதைப் படித்தேன். அதிலிருந்து மனது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேலாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான். இரண்டும் ஏறி இறங்கும். இரண்டையும் ஆரம்பத்தில் வருடக்கணக்கில் சாதகம் செய்யச் சொல்வார்கள். ஆனால் சரளி வரிசையை முதலில் வாயால் பாட வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் சரியாக விழுந்ததா என்று குரு காதை வைத்துக்கொண்டே இருப்பார். கை தாளம் போடும். மூன்று காலத்திலும் வர வேண்டும். விரலுக்கு அதில் கடைசி இடம். விரல் பயிற்சி என்று பார்த்தால் சரளி வரிசை மகா மட்டமான புத்தகம். காதுப் பயிற்சி என்று பார்த்தால்தான் அதன் அருமை.

எங்கள் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தில் வாசித்த துரிதப் பிடிகளைப் பழைய பதிவுகளில் கேளுங்கள். அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனி முத்தாக விழும். அது விரல் பலமா? சீவாளியில் (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி) மூச்சு, நாக்கு, விரல் மூன்றும் ஒரே கணத்தில் சேர்வது. விரலை மட்டும் பிரித்தெடுத்துப் பலப்படுத்திவிட்டு அப்புறம் ஒட்டவைக்க முடியுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

பாளை_கட்டைவிரல்

டீச்சர், உங்கள் கேள்விக்குப் பதில்: தனியாக வாசித்தால் வருகிறது! வேகத்திலேயே வருகிறது. வலக்கை சேர்ந்த உடனே கெட்டுப்போகிறது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு 14 மாதமும் ஒரு இழையும் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

நேற்று இன்னொன்றும் செய்தேன். ஹனான் ஒன்றாம் பயிற்சியை, சி ஈ எஃப் ஜி ஏ ஜி எஃப் ஈ, இடக்கையால் மட்டும் வாசித்து போனில் பதிவு செய்து கேட்டேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதி முழுங்கிவிடுகின்றன. இரண்டு கையும் சேர்ந்து வாசித்த பதிவில் எல்லாம் ஒரே சீராகக் கேட்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், இடக்கை சுண்டுவிரல் விழும் அதே கணத்தில் வலக்கைக் கட்டைவிரல் விழுகிறது. பலசாலி பக்கத்தில் நிற்பதால் நோஞ்சான் தெரியவில்லை! முதல் 20ம் இரண்டு கையும் ஒரே நோட்டு என்பதால், 14 மாதமும் என் இடக்கை வலக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வாசித்திருக்கிறது.

ஊசிக்கோபுரம்77

அதைத்தான் சொல்கிறேன். இடக்கையைத் தனியாக வாசிக்க வேண்டாம் என்று ஹனான் சொன்னாரா?

பாளை_கட்டைவிரல்

சொல்லவில்லை அண்ணாச்சி. வாசி என்றும் சொல்லவில்லை. அதுதான் என் குறை. எதைக் கேட்க வேண்டும், எது தவறினால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு அந்தப் புத்தகம் சொல்லவில்லை. விரலைத் தூக்கச் சொன்னது, வேகம் கூட்டச் சொன்னது, முழுப் புத்தகத்தையும் ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம் என்று ஆசையும் காட்டியது.

மணிக்கட்டு

தென்காசியில் பிசியோதெரபி பார்க்கிறேன். மகள் பியானோ படிப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். சாரல் சீசன், கூட்டம் குறைவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பாளை அண்ணன் சொன்ன முன்னங்கை இறுக்கத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். விரலை மடக்குவதும் நீட்டுவதுமான பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. விரலை உயரத் தூக்கி அடிக்கும்போது தூக்கும் தசையும் மடக்கும் தசையும் மாறி மாறி விட்டுக்கொடுக்க வேண்டும். வேகம் கூடினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் சொன்ன பிழிந்த துணி அதுதான். அப்படி இறுகினால் நிறுத்துங்கள். மரத்துப்போவது, இரவில் வலிப்பது இருந்தால் டாக்டரைப் பாருங்கள், இழையில் கேட்காதீர்கள்.

அப்புறம் "ஐந்து விரலும் சமபலம்" என்ற பேச்சு. மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கட்டைவிரல் எழும், ஆட்காட்டி எழும், சுண்டுவிரல் எழும். மோதிரவிரல் பசை போட்டு ஒட்டிய மாதிரி கிடக்கும். சோம்பல் இல்லை. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து நாண்களோடு இழைகளால் கட்டப்பட்டிருக்கிறது. எத்தனை ஆயிரம் தடவை ஹனான் வாசித்தாலும் அந்தக் கட்டு அவிழாது. அதை எதிர்த்து மல்லுக்கட்டியவர்கள் கதையும் உண்டு. இசையமைப்பாளர் ஷூமானுக்கு இருபது வயதை ஒட்டி வலக்கை கெட்டுப்போனது. விரலுக்கு அவர் ஏதோ கருவி மாட்டிப் பார்த்ததால் என்று ஒரு கட்சி, வேறு நோய் என்று இன்னொரு கட்சி. எதுவானாலும் பியானோ வித்வான் ஆகும் கனவு அதோடு முடிந்தது.

ஒரு டெக்னிக் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் வலி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தேடுவேன். வலித்தாலும் தொடர்ந்து வாசி, பழகிவிடும் என்று இருந்தால், அந்த இடத்திலேயே அந்தப் புத்தகம் எனக்கு முடிந்தது. ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

சுருதிச்சாவி

இப்போது ஒரு சிக்கலைக் கிளப்புகிறேன். 1924ல் வந்த லெவின் புத்தகம் சின்னது, ஒரே மாலையில் படித்துவிடலாம். பாடுகிற மாதிரி ஒலி வேண்டுமானால் விரல்நுனியை விட்டு, சற்றுப் பின்னால் உள்ள சதைப்பற்றான இடத்தால் தொடு என்கிறார். இன்னொரு பக்கம் ஆர்ட்மன், அமெரிக்காவில் பீபடி இசைக்கல்லூரிக்காரர், 1925லும் 1929லும் இரண்டு தடிப் புத்தகம் போட்டார். கருவி வைத்து அளந்து பார்த்துவிட்டு, தனி ஒலி ஒன்றுக்கு சுத்தியல் எந்த வேகத்தில் கம்பியை அடிக்கிறது என்பதே கணக்கு, சதையால் தொட்டாயா நகத்தால் தொட்டாயா என்பது கம்பிக்குத் தெரியாது என்கிற பக்கம் போகிறார்.

இயந்திரம் தெரிந்தவன் என்ற முறையில் நான் ஆர்ட்மன் கட்சி. ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு வீட்டில் ட்யூன் முடித்துவிட்டு, அங்கே வாசிக்கும் அம்மாவிடம் லெவின் சொன்ன மாதிரி சதையால் தொட்டு வாசியுங்கள் என்றேன். ஒலி மாறியது. எனக்கே தெளிவாகக் கேட்டது. ஆர்ட்மன் சொன்னதை விளக்கியிருந்தால் அவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

ஜண்டைவரிசை

இதில் என்ன ஆச்சரியம்? அடிவயிற்றிலிருந்து பாடு என்று எங்கள் குருமார் சொல்வார்கள். குரல் தொண்டையில்தான் பிறக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? அப்படிச் சொன்னால் மாணவனுக்குத் தொண்டை இறுக்கம் விடுகிறது, மூச்சு நிற்கிறது. விளக்கம் தப்பு, பலன் சரி.

நாசரேத்_டீச்சர்

அதேதான். சதையால் தொடச் சொன்னால் விரல் தானாக நீளும், மணிக்கட்டு தளரும், கட்டை இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த வரும். காரணம் லெவின் சொன்னது இல்லை. விளைவு அவர் சொன்னதுதான்.

அதனால் வார்த்தைப் புத்தகங்களை நான் இப்படிப் பார்ப்பேன். ஒரு அத்தியாயம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, பாட்டில் தடுக்குகிற அந்த இரண்டு மெஷருக்குப் போக வேண்டும். கை நேற்றுச் செய்யாத ஏதாவது ஒன்றை இன்றைக்குச் செய்கிறதா? அதைக் காது கண்டுபிடிக்கிறதா? ஒரு வாரத்தில் இல்லையென்றால் அந்த அத்தியாயம் இப்போதைக்கு எனக்கு இல்லை. மாத்தே 1903ல் எழுதியது எனக்கு அப்படித்தான். அவரிடம் மைரா ஹெஸ் மாதிரிப் பெரிய ஆட்கள் படித்திருக்கிறார்கள், நேரில் பெரிய ஆசிரியராகத்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்தில் ஒரு வாக்கியத்தின் தலை ஒரு பக்கம், வால் மறுபக்கம். மூன்று தடவை ஆரம்பித்தேன். சவத்தை விட்டுவிட்டேன்.

நியூஹாஸை மட்டும் கழிக்காதீர்கள். ரிக்டர், கிலெல்ஸ் என்ற பெரிய பியானோ வித்வான்களுக்குக் கற்றுக்கொடுத்த மனிதர். 1958ல் வந்த அந்தப் புத்தகத்தில் விரல் பயிற்சி தேடினால் ஏமாந்துபோவீர்கள். என்ன ஒலி வேண்டும் என்று மனதில் முதலில் கேட்காதவனுக்கு டெக்னிக் எதற்கு என்பதுதான் அவர் சங்கதி. அதைப் படித்தபின் ஹனானையே திறந்தாலும் வேறு மாதிரி வாசிப்பீர்கள்.

மணிக்கட்டு

டீச்சர் சொல்வதற்கு ஒரு எல்லை போடுகிறேன். தப்பான விளக்கம் நல்ல பலன் தரலாம், சரி. சதையால் தொடு என்பது மென்மையான கட்டளை, தப்பாகப் புரிந்துகொண்டாலும் கெடுதல் இல்லை. விரலை உயரத் தூக்கு, பலமாக அடி, களைத்தாலும் நிறுத்தாதே என்பவை அப்படியல்ல. பிராம்ஸ் 51ல் சில இடங்களில் சில விரல்களைக் கட்டையிலேயே பிடித்துவைத்துக்கொண்டு மற்றவை ஓட வேண்டும். கை விரிப்பும் அதிகம். பிராம்ஸ் கைக்கு அது சரி. பெட்டியில் இருக்கிறதே என்று தனியாக முயலாதீர்கள்.

ஊசிக்கோபுரம்77

எல்லாரும் சேர்ந்து ஹனானை அடக்கமே செய்துவிடுவீர்கள் போல. நான் ஒன்று கேட்கிறேன். ஊரில் பியானோ ஆசிரியரே இல்லாத காலத்தில், ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பையன் நியூஹாஸ் படிப்பான்? ஹனானைத் திறந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். தினமும் உட்காரும் பழக்கம் வரும். எங்கள் கோவிலில் ஆர்கன் தொட்ட முதல் தலைமுறைப் பையன்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தின் பிள்ளைகள்தான். பழக்கத்துக்கு விலை இல்லையா?

நாசரேத்_டீச்சர்

இருக்கிறது. நீங்கள் சொல்வது நியாயம், நானும் அப்படி வந்தவள்தான். ஹனானிடம் கேட்க வேண்டியதைக் கேட்டால் அது கொடுக்கும். அராபெஸ்கை அதனிடம் கேட்டால் எங்கிருந்து கொடுக்கும்?

பாளை தம்பி, உங்கள் பெட்டியில் கோர்த்தோ இருக்கிறதே, 1928 புத்தகம். விரல் சமன், கட்டைவிரல் நுழைப்பு, இரட்டை நோட்டு, விரிப்பு, மணிக்கட்டு என்று ஐந்து அத்தியாயம். அந்தப் பயிற்சிகளை விடுங்கள், கடல் மாதிரி. ஷோபான் எட்யூடுகளுக்கு (பயிற்சிப் பாட்டுகள்) அவர் போட்ட பதிப்பில் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் கஷ்டமான இடத்தைப் பிய்த்து, அதற்குள் இருக்கும் கஷ்டம் என்ன என்று பார்த்து, அதிலிருந்தே பயிற்சி செய்வார். அராபெஸ்குக்கு நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மூன்று வாரம் கழித்து வந்து சொல்லுங்கள்.

பாளை_கட்டைவிரல்

மூன்று வாரம் ஆயிற்று. வெள்ளையடித்தும் முடிந்தது.

டீச்சர் சொன்னபடி செய்தேன். இடக்கை ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வலக்கையில் கார்டுக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) பதில் ஒரே ஒரு நோட்டை மட்டும் மெல்லத் தொட்டேன். தடுக்கவில்லை. இரண்டு நோட்டு, தடுக்கவில்லை. முழுக் கார்டு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அப்போதுதான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்த மகள் சொன்னாள், "அப்பா, வலக்கை கார்டு அடிக்கும்போது உங்க இடது தோள் மேலே போகுது." பார்த்தால் உண்மை! கார்டை வெட்டி அடிக்க நான் உடம்பையே இறுக்குகிறேன். அந்த இறுக்கம் தோள் வழியாக இடக்கைக்கு இறங்கிவிடுகிறது. விரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கார்டை அடிப்பதை விட்டு, கட்டைமேல் கையை வைத்திருந்து அங்கிருந்தே எடுத்தேன். 50 கிராம்தானே என்று சுருதிச்சாவி சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் மூன்று தடவைக்கு இரண்டு தடவை சுத்தமாக வந்தது. முன்னங்கை இறுக்கம் போன ஞாயிறு ஆராதனை முழுக்க வரவில்லை.

புத்தகக் கணக்கு: நியூஹாஸ், லெவின், கோர்த்தோ தட்டில். செர்னி 599ம் இருக்கட்டும், பார்த்தவுடன் வாசிக்கப் பழக அது எனக்கு நன்றாக உதவுகிறது. 299 பரணில். பிராம்ஸை மணிக்கட்டு சொன்னபடி கட்டிவைத்துவிட்டேன். சாங் புத்தகத்தில் கை தனித்தனியாகப் பழகும் பகுதியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். ஆசிரியர் இயற்பியல்காரர், வேகத்தைப் பற்றி அடித்துப் பேசுவதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்தப் பகுதியை அன்றைக்கே ஒழுங்காகப் படித்திருந்தால் டீச்சரின் முதல் கேள்வியை நானே கேட்டிருப்பேன். மாத்தே ஜெராக்ஸ் யாருக்காவது வேண்டுமா?

ஊசிக்கோபுரம்77

ஹனான் என்ன ஆச்சு? அதைச் சொல்லாமல் போகிறீரே.

பாளை_கட்டைவிரல்

கேடிசி நகர் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அண்ணாச்சி. 39ம் பயிற்சியும் 41ம் பயிற்சியும் கிழியாமல் இருக்கின்றன. அவனுக்கு ஸ்கேலும் ஆர்பெஜியோவும்தானே வேண்டும். முதல் 20ஐ ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுக்கிறேன்.

கிரேடு5_தம்பி

நன்றி சார். சனிக்கிழமை சாயங்காலம் சமாதானபுரம் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன்.

ஊசிக்கோபுரம்77

நானும் வருகிறேன். ரப்பர்பேண்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று அங்கே பேசிக்கொள்வோம். தம்பி, வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் வீட்டுப் பியானோவில் வந்து உட்கார். அக்கூஸ்டிக்தான், ட்யூன் பண்ணித்தான் நாளாச்சு. சுருதிச்சாவி, எப்போது இந்தப் பக்கம் வருகிறீர்?

சுருதிச்சாவி

அடுத்த வியாழன். பத்து ரூபாய் நாணயம் ஏழு எடுத்து வையுங்கள்.